சுடாமல் வைத்திருந்த ரவைகள்

எங்கள் சின்யோரே, அதாவது நான் வேலை செய்த வீட்டு ஐயா, இரண்டு வகைத் துவக்கு ரவைகள் வைத்திருந்தார். ஒன்று சுடுவதற்கு, மற்றது சுடாமல் வைத்திருப்பதற்கு. சுடாமல் வைத்திருந்தவைதான் நல்லவை. இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அந்த நாட்களில் வந்தது சிரிப்பில்லை, கொதி.

அவர் ஓய்வுபெற்ற நொத்தாரிசு. சிசிலியின் பலெர்மோ நகரில் பொலிதேயாமா அரங்குக்குப் பின்தெருவில் ஒரு பழைய மாடிவீடு. நான் அங்கே வீட்டு வேலைக்காரன். நிலம் துடைப்பேன், சந்தைக்குப் போவேன், அவர் மனைவி சின்யோராவை டாக்டரிடம் கூட்டிப்போவேன். வேட்டைக்காலம் தொடங்கினால் சின்யோரேயின் சாமான்களைக் காரில் ஏற்றி அவரோடு மலைக்குப் போவேன். யாழ்ப்பாணத்தில் வெடிச்சத்தம் கேட்டால் பங்கருக்குள் பாய்ந்தவன், பலெர்மோவில் சம்பளத்துக்குத் துவக்குப் பெட்டி தூக்கினேன். இதைச் சொல்லி என்னைக் கிண்டல் பண்ணாவிட்டால் என் மனைவிக்குச் சாப்பாடு இறங்காது.

குசினிக்குப் பின்னால் அவருக்கென்று ஒரு சின்ன அறை. மேசையில் கைப்பிடி வைத்த ஓர் இயந்திரம் பூட்டியிருக்கும். சுட்டு முடிந்த பித்தளைக் கோதுகளை நான் எலுமிச்சைச் சாறு விட்ட சுடுநீரில் கழுவி, துணியில் பரப்பிக் காயவைத்துக் கொடுப்பேன். அவர் மூச்சுக்கூடப் படாமல் சின்னத் தராசில் வெடிமருந்தை நிறுத்து, கோதில் விட்டு, மேலே சன்னத்தை, அதாவது குண்டை, வைத்து இயந்திரத்தால் அழுத்துவார். பன்றிக்கென்று வாங்கிய சன்னங்கள் விலைகூடியவை. அவற்றின் மூக்கு மென்மையானது. உடம்புக்குள் போனதும் விரிந்து, உள்ளேயே நின்று, பன்றியை அந்த இடத்திலேயே விழுத்தும். மற்றவை கடதாசி இலக்கில் சுட்டுப் பழகுவதற்கு மொத்தமாக வாங்கும் மலிவுச் சன்னங்கள். முழுக்கச் செம்பால் மூடியவை. விரியமாட்டா, நிற்கமாட்டா. ஒரு பக்கத்தால் போய் மறுபக்கத்தால் வெளியே வரும். இந்த வித்தியாசத்தை எனக்குச் சொன்னவரே அவர்தான். அதுவும் பெருமையோடு.

நல்ல ரவைகள் வெல்வெட் துணி விரித்த ஒரு மரப்பெட்டியில் இருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றை எடுத்து ஒவ்வொன்றாகத் துடைப்பார். வேட்டைக்குப் போகும்போது சிலவற்றைத் தன் மேலங்கியின் இடது பையில் போட்டுக்கொள்வார். ஆனால் துவக்கில் போடுவது மலிவு ரவை. ஏன் என்று கேட்டால், "இன்றைக்கு வருவது சின்னதாகத்தான் இருக்கும், பெரியது வரட்டும்" என்பார். பெரியது வந்தாலும் அதைவிடப் பெரியது ஒன்று அந்த மலையில் எங்கோ படுத்திருக்கும். பின்னேரம் இடது பையில் போனவை அப்படியே பெட்டிக்குத் திரும்பிவரும்.

எங்கள் ஆட்களுக்கு இது புதினமில்லை. பலெர்மோவின் போர்கோ வெக்கியோப் பகுதியில் நாங்கள் இருந்த வீட்டில் கண்ணாடி அலுமாரிக்குள் ஒரு பீங்கான் செட் இருந்தது. கல்யாணத்துக்கு வந்தது. சுற்றியிருந்த பொலித்தீனைக்கூட மனைவி கழற்றவில்லை. நாங்கள் விளிம்பு வெடித்த கோப்பைகளில் தேத்தண்ணி குடித்தோம். "ஆரும் பெரிய ஆக்கள் வந்தா எடுப்பம்" என்பாள். வந்த யாரும் அவ்வளவு பெரிய ஆட்களாக இருக்கவில்லை. ஆகவே சின்யோரேயின் கஞ்சத்தனம் எனக்கு நன்றாகவே விளங்கியது. ஆனால் பீங்கானை எடுக்காமல் விட்டால் ஒருவருடைய வயிறும் கிழியாது.

மலையில் கிழிந்தது. நான் போன முதல் பருவத்திலேயே பார்த்தேன். ஒரு பெண்பன்றிக்கு வயிற்றில் வெடி பட்டது. அது விழவில்லை. ஒரு முறை முன்னங்காலை மடித்து எழும்பி, குடல் வெளியே தொங்கத் தொங்க ஓடியது. நாங்கள் இரத்தத்தைப் பார்த்துப் பார்த்துப் பின்னால் போனோம். முட்செடிகளில் குடல் சுற்றி அது ஓரிடத்தில் நின்றுவிட்டது. அப்போதும் சாகவில்லை. அருகில் போன நாயின் தாடையைக் கோரைப்பல்லால் பிளந்தது. சின்யோரே இன்னொரு ரவையை வீணாக்க விரும்பவில்லை. "கத்தி" என்றார். நான் பின்னால் போய்க் கழுத்தில் குத்தினேன். குத்தக் குத்த அது என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தது. நாயை அவர் சுட்டார். அதற்கும் மலிவு ரவைதான்.

அன்று வீட்டுக்கு வந்து கையைக் கழுவிக் கழுவிப் பார்த்தேன், மணம் போகவில்லை. இனி இந்தச் சோலிக்கே போவதில்லை என்று மனைவியிடம் சொன்னேன். அவள் இறைச்சியை வெட்டிக்கொண்டே, "ஓம், ஓம்" என்றாள். அடுத்த கிழமையும் போனேன். போகாமல் விடமுடியாதபடி அந்த இறைச்சி எங்களைப் பிடித்திருந்தது. சின்யோராவுக்குக் காட்டுப்பன்றி என்றாலே அருவருப்பு. வீட்டுப் படி ஏறவிடமாட்டாள். சின்யோரேயின் கூட்டாளிகள் இரண்டு கிழவர்கள் தங்களுக்கு ஒரு தொடையை எடுத்துக்கொண்டு மீதியை எங்களுக்குத் தருவார்கள். எங்கள் படிக்கட்டில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் சட்டியோடு வந்து நிற்கும். வன்னிப் பக்கம் வாழ்ந்தவர்களுக்குப் பன்றி வத்தல் என்றால் உயிர். மிளகு தூக்கலாகப் போட்டுப் பிரட்டினால், கீழ்வீட்டுச் சிசிலியன் கிழவியும் பாணைக் கையில் வைத்துக்கொண்டு கதவைத் தட்டுவாள்.

இதற்குள்தான் என் மச்சான் வந்து சேர்ந்தான். மனைவியின் தம்பி. வன்னியிலிருந்து எப்படியெல்லாமோ அலைந்து பலெர்மோவுக்கு வந்தவன். பலெர்மோவுக்குப் பக்கத்து ஊரான பகேரியாவில் சின்யோரேக்கு ஒரு பழைய தோட்டவீடு இருந்தது. எலுமிச்சை மரங்களுக்குத் தண்ணீர் விடவும் வேட்டை நாய்களுக்குச் சாப்பாடு வைக்கவும் ஓர் ஆள் தேவைப்பட்டது. நான் கதைத்து அவனை அங்கே சேர்த்துவிட்டேன். கிழமைக்கொரு தடவை ரயிலில் எங்களிடம் வருவான். சிரிக்கச் சிரிக்கக் கதைப்பான். நாய்களோடு தமிழில்தான் பேச்சு. சிசிலி நாய்கள் "இஞ்சை வா" என்றால் ஓடிவந்தன. சின்யோரேக்கு அவனை நன்றாகப் பிடித்துவிட்டது. பகேரியாவுக்குப் போனால் தன் கையாலேயே அவனுக்குக் கோப்பி போட்டுக் கொடுப்பார். எனக்கு இவ்வளவு காலத்தில் ஒரு தடவைகூடப் போட்டுத் தந்ததில்லை.

இத்தாலி உலகக் கிண்ணம் வென்ற ஆண்டு அது. ஊரில் சண்டை மூண்டு மறுபடியும் யாழ்ப்பாணப் பாதையைப் பூட்டியிருந்தார்கள். மாரி தொடங்கும் நேரம் என் மகளுக்குப் பிறந்தநாள் வந்தது. மனைவி எல்லோரிடமும் பன்றிக்கறி என்று சொல்லி அழைத்துவிட்டாள். பன்றி இன்னும் மலையில் மேய்ந்துகொண்டிருந்தது. இங்கே மிளகாயும் மல்லியும் வறுத்து அரைத்தாகிவிட்டது. விறைச்சல் பெட்டியில் இடம் ஒதுக்கியாகிவிட்டது. காலையில் புறப்படும்போது மகள் கட்டிலில் இருந்தபடியே, "பப்பா, சிங்கியாலே கொண்டுவருவீங்கள்தானே?" என்று கேட்டாள். அவளுக்குப் பன்றியின் தமிழ்ப் பெயர் வாயில் வராது. கொண்டுவருவேன் என்றேன்.

மச்சானைப் பகேரியாவில் நாய்களோடு ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனோம். கிழவர்கள் இருவரும் மலையின் மறுபக்கம் போனார்கள். நாங்கள் மூவரும் ஒரு வறண்ட ஓடைக்கு மேலே நின்றோம். நாய்கள் கீழே குரைத்தன. கொஞ்ச நேரத்தில் பற்றையைப் பிளந்துகொண்டு ஒரு தனியன் வந்தது. கூட்டத்தை விட்டுத் தனியாகத் திரியும் கிழட்டு ஆண்பன்றி. அத்தனை வருடத்தில் அப்படி ஒரு பன்றியை நான் கண்டதில்லை. பெரியது பெரியது என்று மனிதர் காத்திருந்தாரே, அதுதான் வந்து நின்றது.

சின்யோரேயின் கை இடது பைக்குப் போனது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். விரல்கள் பைக்குள் போயின. பிறகு வெறுங்கையாக வெளியே வந்தன. ஏற்கெனவே துவக்கில் இருந்ததைச் சுட்டார்.

வெடி தோளுக்குப் பின்னால் பட்டது. இந்தப் பக்கத்தால் போய் அந்தப் பக்கத்தால் வெளியேறிப் பின்னாலிருந்த கல்லில் பட்டுப் புழுதி பறந்ததையும் கண்டேன். தனியன் ஒரு முறை சிலிர்த்தது. பிறகு, ஒன்றும் நடக்காததுபோல ஓடையைத் தாண்டிப் பற்றைக்குள் போய்விட்டது.

"உட்காருங்கள்" என்றார் சின்யோரே. அது சரியான பேச்சு. காயப்பட்ட பன்றியை உடனே துரத்தக்கூடாது, அது படுத்து இரத்தம் போய்ச் சாகவேண்டும் என்பது எந்த ஊர் வேட்டைக்காரனுக்கும் தெரியும். மச்சானுக்கும் தெரியும். ஆனால் எங்களுக்கு முன்னால் மலை மட்டுமா இருந்தது? அரைத்த கறித்தூள் இருந்தது, அழைத்த சனம் இருந்தது, மகள் இருந்தாள். பன்றி அடுத்த பள்ளத்துக்குப் போய்ச் செத்தால் யாருக்குமில்லை. மச்சான் கொஞ்ச நேரம் இருந்து பார்த்தான். பிறகு எழும்பினான்.

"அத்தான், உது போகப்போகுது. அக்கா சனத்துக்கு என்னத்தைக் குடுக்கிறது?"

"பொறடா. மனுசன் இருக்கச் சொல்லுது."

"அவருக்கென்ன, அவரின்ரை வீட்டிலை ஆரும் சட்டியோடை நிக்கேல்லை. நான் நாயளோடை மெல்லப் போறன். நீங்கள் பின்னாலை வாங்கோ."

நான் இன்னொரு தடவை மறிக்கவில்லை. என் மனமும் பன்றிக்குப் பின்னால்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவன் ஒரு தடியோடு பற்றைக்குள் இறங்கினான். நான் கத்தியை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். சின்யோரே துவக்கில் இன்னொரு மலிவு ரவையைப் போட்டுக்கொண்டு முணுமுணுத்தபடி எனக்குப் பின்னால் வந்தார்.

தனியன் போகவே இல்லை. வந்த பாதையை நோக்கித் திரும்பி, முட்பற்றைக்குள் பதுங்கி நின்றது. நாய் ஒன்று கத்தியது. அடுத்த நொடி மச்சான் காற்றில் எழும்பி மல்லாக்க விழுந்ததைக் கண்டேன். அவன் எழும்ப முயன்றான், அது அவனுக்கு மேலே ஏறிவிட்டது. கோரைப்பல்லால் மேல்நோக்கி வெட்டியது. முதல் வெட்டுத் தொடையில். அவன் இரண்டு கைகளாலும் அதன் மூஞ்சியைப் பிடித்துத் தள்ளினான், அது உள்ளங்கைகளைக் கிழித்தது. நாய்கள் அதன் காதுகளைக் கவ்வித் தொங்கின. அது நாய்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு அவன் வயிற்றைத் தேடியது. பன்றியின் வாயிலிருந்து நுரையும் இரத்தமும் அவன் முகத்தில் கொட்டின. அவன் "அத்தான், சுடச் சொல்லுங்கோ" என்று கத்தினான்.

நான் திரும்பினேன். சின்யோரே சில அடி தள்ளித் துவக்கைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். சுடவில்லை. சுடு, சுடு என்று நான் இத்தாலியனில் கத்தினேன். அவர் முகம் சுண்ணாம்புபோல வெளுத்துப் போயிருந்தது. "ஊடுருவிப் போகும், அவனில் படும்" என்றார். துவக்கைத் தாழ்த்தினார். கை இடது பைக்குப் போனது. ஒரு நல்ல ரவையை எடுத்தார், அது வழுக்கிச் சருகுக்குள் விழுந்தது. குனிந்து தேடினார். ஒரு மனிதன் வெட்டுப்பட்டுக் கிடக்கும்போது, பையில் இன்னும் ரவை இருக்கும்போது, அந்த ஆள் விழுந்த ரவையைச் சருகுக்குள் தேடினார். இதை நான் கடவுளறியப் பார்த்தேன்.

மச்சானின் குரல் மாறிவிட்டது. அது கத்தல் இல்லை, ஓர் ஆட்டுக்குட்டியின் சத்தம் மாதிரி வந்தது. நான் கத்தியோடு ஓடினேன். அதே நேரம் சின்யோரே நிமிர்ந்து, துவக்கில் இருந்ததையே சுட்டுவிட்டார். வெடி என் காதுக்குப் பக்கத்தால் போனது. பன்றி உதறியது. மச்சானும் உதறினான். பன்றி அப்போதும் விழவில்லை. நான் அதன் முதுகில் விழுந்து, முன்னங்காலுக்குப் பின்னால் கத்தியை இறக்கினேன். இழுத்தேன், மறுபடியும் இறக்கினேன். எத்தனை தடவை என்று தெரியாது. சட்டைக் கைக்குள்ளால் சுடச்சுட இரத்தம் ஓடி முழங்கை வரை வந்தது. அதன் மூச்சு நின்ற பிறகும் குத்திக்கொண்டிருந்தேன். மனசுக்குள்ளும் பன்றியைத்தான் குத்தினேன் என்று சத்தியம் பண்ணமாட்டேன்.

பன்றியைப் புரட்டியபோது மச்சானின் கால் தெரிந்தது. தொடையில் பல்லால் கிழித்த வாய் திறந்து கிடந்தது. கெண்டைக்காலில் வேறொரு காயம்: இந்தப் பக்கம் ஒரு சின்ன ஓட்டை, அந்தப் பக்கம் இன்னொன்று. அந்த மாதிரி ஓட்டைகளை எனக்கு ஊரிலேயே தெரியும். என் இடுப்புப் பட்டியால் தொடையை இறுக்கிக் கட்டினேன். சின்யோரே பக்கத்தில் முழங்காலில் இருந்து மாதாவின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். எழும்பிக் காரைத் திறக்கும்படி அவரைக் கழுத்துப்பட்டையில் பிடித்து உலுக்கினேன். அதுவரை அவரை நான் தொட்டதே கிடையாது.

கிழவர்கள் ஓடிவந்தார்கள். நால்வரும் சேர்ந்து அவனைத் தூக்கிக் கார் வரை இறக்கினோம். கார் மலையை விட்டு இறங்கும் வரை அவன் என் மடியில் கிடந்தான். பகேரியா ஊர்ப்பலகையைத் தாண்டும்போது கண்ணைத் திறந்து, "நாயளுக்கு ஆர் சாப்பாடு வைக்கிறது?" என்று கேட்டான். வாயை மூடடா என்றேன். அவன் மூடியதும் பயமாகிவிட்டது. கதையடா, என்னவாவது கதையடா என்று கன்னத்தில் தட்டிக்கொண்டே வந்தேன்.

பலெர்மோ ஆஸ்பத்திரியில் அவனை உள்ளே கொண்டுபோன பிறகு மனைவி வந்தாள். கையில் மஞ்சளும் கறித்தூளும் அப்படியே இருந்தன. என்னுடைய சட்டையைப் பார்த்துவிட்டு, "இது ஆரின்ரை ரத்தம்?" என்று கேட்டாள். பன்றியுடையது என்றேன். "பொய் சொல்லாதேங்கோ" என்றாள். எனக்கும் எது யாருடையது என்று தெரியாது.

டாக்டர் பின்னேரம் வெளியே வந்தார். தொடையைத் தைத்துவிட்டார்கள். பெரிய நரம்பு தப்பிவிட்டது. கெண்டைக்காலில் சன்னம் எலும்பைத் தொடாமல் தசையைத் துளைத்துக்கொண்டு போயிருந்தது. உயிருக்குப் பயமில்லை, கால் கொஞ்சம் இழுக்கும் என்றார். பிறகு, தானும் வேட்டைக்குப் போகிறவரோ என்னவோ, சின்யோரேயைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். "நல்ல காலம், கெட்டி ரவை. விரிகிற ரவை இந்தக் காலில் பட்டிருந்தால் முழங்காலுக்குக் கீழே ஒன்றும் மிஞ்சியிருக்காது."

சின்யோரேயின் முகத்தில் இரத்தம் திரும்பி வந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கரபினியேரிப் பொலிசார் வந்து விசாரித்துப் போனார்கள். வேட்டை விபத்து. துவக்கைச் சில மாதங்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிச் செலவு, மருந்து, எல்லாவற்றையும் சின்யோரே பார்த்துக்கொண்டார், குறை சொல்லமுடியாது. பன்றியை யாரும் வீணாக்கவில்லை. கிழவர்கள் அதை உரித்து எங்கள் படிக்கட்டில் கொண்டுவந்து போட்டார்கள். என் மனைவி தொடமாட்டேன் என்று அழுதாள். பக்கத்து வீட்டில் கறியாக்கினார்கள். இது மச்சானுக்குத் தெரியவந்தபோது, கட்டிலில் கிடந்தபடி, "என்னை வெட்டினதை நான் தின்னாமல் விடுறதே? ஒரு பார்சல் கொண்டு வாங்கோ" என்றான். கொண்டுபோய்க் கொடுத்தோம். கையில் கட்டுப் போட்டிருந்ததால் அக்காதான் தீத்திவிட்டாள். அழுதுகொண்டே தீத்தினாள், அவன் சிரித்துக்கொண்டே தின்றான்.

சின்யோரேயின் கதை சில கிழமைக்குள் தயாராகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு ஆட்கள் வந்திருந்தார்கள். நான் பாஸ்தா பரிமாறிக்கொண்டிருந்தேன். அவர் வைன் கிண்ணத்தைச் சுழற்றிக்கொண்டு சொன்னார்: பன்றி அவன் மேல் ஏறி நிற்கிறது, நான் யோசித்தேன், நல்ல ரவையைப் போட்டால் பையனின் கால் போய்விடும், ஆகவே பழகு ரவையையே சுட்டேன், டாக்டரே சொன்னார். விருந்தாளிகள் "பிராவோ" என்றார்கள். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

 கரண்டியைப் பாத்திரத்துக்குள் போட்டுவிட்டு, எனக்குத் தெரிந்த இத்தாலியனில் சொன்னேன்: "சின்யோரே, முதல் வெடிக்கே நல்லதைப் போட்டிருந்தால் பன்றி அங்கேயே விழுந்திருக்கும். அவன் பற்றைக்குள் இறங்கியே இருக்கமாட்டான். இரண்டாவதுக்குப் போட்டிருந்தாலும் அது பன்றிக்குள்ளேயே நின்றிருக்கும்."  சின்யோரே என்னைப் பார்க்கவில்லை. சின்யோரா சீஸ் துருவலைக் கொண்டுவரச் சொன்னாள். நான் குசினிக்குப் போனேன். மேசையில் பாண் வெட்டும் கத்தி கிடந்தது. அதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பிறகு அதைக் கழுவி வைத்துவிட்டு சீஸ் துருவலைக் கொண்டுபோனேன். உள்ளே கதை மறுபடி தொடங்கியிருந்தது.

மச்சான் மாரி முடியும்போது நடக்கத் தொடங்கினான். இடது காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் வைப்பான். பகேரியாவுக்கு வேலைக்குத் திரும்பினான்.

பாஸ்கா என்னும் உயிர்த்த ஞாயிறு முடிந்த திங்கட்கிழமை பலெர்மோ முழுவதும் பூங்காக்களுக்குப் போய் இறைச்சி சுடும். எங்கள் ஆட்களும் மரங்களுக்குக் கீழே பாய் விரித்து, அடுப்பு மூட்டி, கோழியும் ஆடும் வாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் விசிறியால் நெருப்பை விசிறிக்கொண்டு நின்றேன். பின்னால் சனம் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. மச்சான் நடுவில் நின்று காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக் காலைக் காட்டிக்கொண்டிருந்தான்.

"மலிவு ரவையெண்டபடியால் நான் தப்பினனான். மனுசன் அந்த நேரத்திலையும் யோசிச்சுச் சுட்டது, பாருங்கோ. நல்லதைப் போட்டிருந்தா நான் இண்டைக்கு ஒற்றைக் காலிலைதான் நிக்கவேணும். கஞ்சப் பயலுக்கு வேலை செய்தாலும் ஒரு நன்மை இருக்குது!"

எனக்குக் கண் மண் தெரியவில்லை. கையிலிருந்த விசிறியை எறிந்துவிட்டுப் போய் அவன் கன்னத்தில் அறைந்தேன். முழுப் பலத்தோடு அறைந்தேன். அவன் கையிலிருந்த தட்டு விழுந்தது. கால் வழுக்கி ஒரு பக்கம் சாய்ந்தவனை யாரோ பிடித்தார்கள். மனைவி "என்ர கடவுளே" என்று ஓடிவந்தாள். மகள் என்னைப் பார்த்துவிட்டுத் தாயின் பின்னால் ஒளிந்தாள்.

"விசரா! அவன்ரை கதையை நீ ஏன்டா சொல்லுறாய்? அவன் உன்னைச் சுட்டவனடா. பையுக்கை நல்ல ரவையை வைச்சுக்கொண்டு சுட்டவன். கீழை விழுந்ததைத் தேடினவன். நான் பார்த்தனான்!"

அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டு நின்றான். கோபிக்கவில்லை. சனத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து ஒரு மரத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான்.

"அத்தான், நீங்கள் பார்த்தனீங்கள். நான் கீழை கிடந்தனான். எனக்குத் தெரியாதோ? அவர் குனிஞ்சு தேடினதை நானும்தான் பார்த்தனான்."

அவன் என் கையை விட்டான்.

"ஊரிலை எங்களிலை செல் அடிச்சவங்களுக்கு எங்களைத் தெரியாது. அதைத் தாங்கலாம். இந்தாள் எனக்குக் கோப்பி போட்டுத் தந்தவர். ரவையை மிச்சம் பிடிக்கத்தான் என்ரை கால் போனதெண்டு நான் நம்பினால், நாளைக்கு அந்தக் கேற்றைத் திறந்துகொண்டு உள்ளை போகேலாது. போனா அவரை ஏதாவது செய்துபோடுவன். பேந்து நான் எங்கை போறது? எனக்கு அந்த வேலை வேணும். நித்திரையும் வேணும். அதிஷ்டம் எண்டு நினைச்சா ரெண்டும் வரும். என்னை அப்பிடி நினைக்க விடுங்கோ."

கன்னத்தில் என் விரல்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன. அவனுக்கு என்ன வயது என்று அப்போதுதான் யோசித்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவன் சட்டையில் ஒட்டியிருந்த சாம்பலைத் தட்டிவிட்டேன்.

அவன் காலை இழுத்து இழுத்துச் சனத்தின் நடுவில் திரும்பப் போனான். சின்னதாக ஒரு பகிடி விட்டு நான் அறைந்ததை ஒன்றுமில்லாமல் ஆக்கினான். விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடங்கினான். முதலில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். அவனும் பார்த்தான்.

"என்ன அத்தான், நான் சொல்லுறது சரிதானே? மலிவு ரவையாலைதானே நான் தப்பினனான்?"

"ஓம்" என்றேன்.